ஏத்தாதேங்கோ, தம்பி நேர்த்தி

நெடுந்தீவு மாவிலித்துறையில் படகுக்குள் காலை வைக்கப் போனபோது என் இரண்டு முழங்கால்களும் ஒன்றாக மடிந்தன. விழவில்லை. விழுவதற்குள் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். ஒருவர் கமக்கட்டில், மற்றவர் காலில். வெங்காய மூட்டையை இறக்குவதுபோலத் தூக்கிப் படகுக்குள் வைத்தார்கள். "பாத்து, பாத்து, தலை கவனம்," என்று யாரோ சொன்னார்கள். தலையில் அப்போது ஒரு மயிர்கூட இல்லை. தொப்பி கழன்று தண்ணீரில் மிதந்துகொண்டு போனது.

எனக்கு வயது இருபத்திநாலு. கம்பஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் நின்றவன். கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபிறகு எனக்கு ஒரே வேலைதான்: மூன்று கிழமைக்கு ஒருமுறை அம்மாவோடு கடல் கடந்து யாழ்ப்பாணம் போவது, ஆசுப்பத்திரியில் கட்டில் பிடிப்பது, மருந்து ஏற்றுவது, நெடுந்தீவுக்குத் திரும்பி வந்து படுப்பது. இது நாலாவது தரம். முதல் மூன்று தரமும் நானேதான் ஏறினேன். போன வருடம் ஊர் அணியில் பின்வரிசையில் நின்று ஒருத்தனையும் பந்தோடு தாண்டவிடாத கால்கள் இவை.

எங்கள் துறையில் தூக்கி ஏற்றப்படுகிறவர்கள் இரண்டு வகை. பிள்ளைப்பேற்று வலியோடு போகிறவர்கள் ஒரு வகை. இவன் திரும்பி வரமாட்டான் என்று ஊர் மனதுக்குள் முடிவுகட்டியவர்கள் மற்ற வகை. நான் பிள்ளை பெறப் போகவில்லை. படகில் இருந்த அத்தனை பேரும் திடீரென்று கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடலில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

"இனி ஒருக்கா என்னை இப்பிடித் தூக்கினா நான் போகமாட்டன். சொல்லிப்போட்டன்," என்றேன்.

"எங்க போகமாட்டாய்?" அம்மா கேட்டார்.

"ஊசிக்கு."

அம்மா துவாயை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். நான் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆறு வயதில் கத்தரிக்காய் சாப்பிடமாட்டேன் என்று சொன்னவன், இன்றுவரை ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. அம்மாவின் கை என் நெற்றியில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியது. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் டொக்டர் வந்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "ஒரு ஊசியையும் பிந்த விடாதையும். இடைவெளி கூடினா நோய்க்குத்தான் லாபம்," என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மருந்து ஏற்றி முடிந்தபிறகு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ மிஸ் வந்தார். என் வயதுதான் இருக்கும். கட்டிலடியில் நின்று, "வீட்டில என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார்.

"படுத்திருக்கிறன்."

"பிறகு?"

"மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பன்."

அவர் சிரிக்கவில்லை. "அதுதான் கால் போயிட்டுது."

"களைச்சா படுக்கவேணும்தானே மிஸ்?"

"வேலை செய்து வந்த களைப்பெண்டா படுத்தாப் போகும். இது அதில்லை. படுக்கப் படுக்கக் கால் இளகும், கால் இளக இளகக் களைப்பு ஏறும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவும். நடக்கேக்க கதைக்க ஏலவேணும். கதைக்க ஏலாட்டி நில்லும். சப்பாத்துப் போடும், வெறுங்காலோட திரியாதையும். சில நாள் அடியோட ஏலாமல் வரும், அண்டைக்குப் படுத்துக் கிடவும். காச்சல் எண்டா நடக்கிறதில்லை, உடன இஞ்ச ஓடி வாறது. மீன், முட்டை நல்லாச் சாப்பிடும்."

"நான் ஃபுட்போல் விளையாடினனான் மிஸ். நடக்கிறதெல்லாம் ஒரு விசயமோ?"

"அது போன வருசக் கால்," என்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என்னை அதில் இருத்தி, "கை ஊண்டாமல் எழும்பும் பாப்பம்," என்றார்.

எழும்ப முடியவில்லை. மூன்று தரம் முயன்றேன். குண்டி கதிரையை விட்டு ஒரு சாண்கூட உயரவில்லை.

"இதில எழும்பினீரெண்டால் போட்டில ஏறுவீர்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் களைப்பை விளங்கப்படுத்துவது கஷ்டம். பல் தீட்டிவிட்டு இளைப்பாற வேண்டும். சேர்ட்டில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, மிச்சத்தை அம்மா போடட்டும் என்று கையைத் தொங்கவிட வேண்டும். போன் பாரமாக இருக்கும். நித்திரை கொண்டு எழும்பினால், படுக்கும்போது இருந்ததைவிடக் களைப்பாக இருக்கும். கடலில் நீந்திக் கரையேறியதும் ஈர உடுப்பு உடம்போடு ஒட்டிப் பாரமாக இழுக்குமே, அதுபோல. இந்த உடுப்பைக் கழற்ற முடியாது.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் காலை சப்பாத்துக் கட்டி வாசல் படலையைத் திறந்தேன். நடப்பதுதானே, சிம்பிள் என்று நினைத்தேன். அடுத்த வளவின் கல்வேலி முடிவதற்குள் பின்னால் பெட்டி பூட்டிய உழவுமெசின் சத்தம் கேட்டது.

நெடுந்தீவில் வாகனம் குறைவு. அதனால் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது: றோட்டில் ஒருத்தன் நடந்து போனால் அவனை ஏற்ற வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்பது ஏற்றிய பிறகுதான். கண்டும் ஏற்றாமல் போனால் பின்னேரத்துக்குள் அந்தக் கதை தீவைச் சுற்றி வந்துவிடும்.

மெசின் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறும் தம்பி."

"இல்லை அண்ணை, சும்மா நடக்கிறன்."

"சும்மா நடக்கிறதோ? ஏனாம்?"

"டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"அவருக்கு இஞ்சத்தை வெயில் தெரியுமே? ஏறும், ஏறும். என்ன, எரு ஏத்தின பெட்டியெண்டு யோசிக்கிறீரோ? கழுவினது."

எருப் பெட்டி என்று நான் யோசிக்கிறேன் என்று ஒருவர் யோசித்தபிறகு ஏறாமல் விட முடியுமா? ஏறினேன். அவர் சங்கக்கடைக்குப் போனார். நானும் போனேன். அங்கே நின்ற ஒரு ஐயா, "உன்னை இந்த நிலைமையில நடக்க விட்டிட்டு நான் மோட்டச்சைக்கிளில போனா, நாளைக்கு உன்ர கொம்மாவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டுப் படலைக்குள் இறக்கினார். அன்று நான் நடந்தது ஒரு கல்வேலியின் நீளம். சவாரி போனது தீவில் பாதி.

அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான். முன்பைவிடக் கூடுதலாக அலுத்துப்போய் வந்தேன். மெசின் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்குவது நடப்பதைவிட மோசம். அதற்குள் பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடியப்பா, வருத்தக்காரப் பெடியை வெயிலுக்க மேய விட்டிருக்கிறாய்? மாட்டையே இந்த நேரம் நிழலில கட்டுறம்."

அம்மா என்னிடம் வந்து, "நாளைக்கு வளவுக்குள்ள நட," என்றார்.

வளவுக்குள் நடந்தேன். கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டில், மாட்டுக்கொட்டிலிலிருந்து கிணற்றடி. வேலிக்கு மேலால் அக்காவின் தலை வந்தது.

"தம்பி, என்ன துலைச்சுப்போட்டீர்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"சொல்லும். மோதிரமோ?"

ஐந்து நிமிடத்தில் அவரும் அவர் வீட்டுக்காரரும் எங்கள் வளவுக்குள் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

கிழமை ஒன்று போய்விட்டது. ஒவ்வொரு காலையும் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பிப் பார்த்தேன். எழும்பவில்லை. அம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பார். நான் பார்த்தால் அடுப்பைப் பார்ப்பார். அடுத்த ஊசியைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை மட்டும் அலுமாரிக்கு மேலே தயாராக இருந்தது. அதில் என் உடுப்பை மடித்து வைத்தவர் அதை மூடாமல் விட்டிருந்தார்.

சரி, றோட்டில்தானே ஏற்றுகிறார்கள், றோட்டே இல்லாத இடத்தில் நடப்போம் என்று முடிவெடுத்தேன். மேற்குப் பக்கம் வெளி. புல்லும் கல்லும், தூரத்தில் இரண்டு மூன்று குதிரைகளும். விடிந்தும் விடியாததுமாகப் போனேன். நல்லாகத்தான் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. பத்து நாளில் முதல் முறையாகக் கால் என்னுடையது மாதிரி இருந்தது. ஆகவே கொஞ்சம் கூடப் போனேன். பிறகு இன்னும் கொஞ்சம். திரும்பி வருவதும் நடைதான் என்பதை யோசிக்கவில்லை.

ஒரு கல்லில் இருந்தேன். எழும்பப் பார்த்தபோது கால் இல்லை. இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் சொல்வழி கேட்கவில்லை. போன் பொக்கற்றில் இருந்தது. அம்மாவுக்கு அடித்தால் ஊரே மெசினோடு வரும். தூக்கிக்கொண்டு போவார்கள். நான் போனை எடுக்கவில்லை. வெயில் முதுகில் ஏறியது. வாய் காய்ந்தது. தண்ணீர் கொண்டுவரவில்லை. ஒரு குதிரை கிட்ட வந்து மூக்கை நீட்டி மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறந்தது. தலையைத் தொடைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு, மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"டேய், உயிரோட இருக்கிறியோ?"

என் கூட்டாளி. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன், இப்போது கடற்றொழில். கரையில் காயவைத்த வலையைப் பார்க்க மோட்டச்சைக்கிளில் வந்தவன் புதுத் தொப்பியைக் கண்டு திருப்பியிருக்கிறான்.

"இல்லை," என்றேன்.

"அப்ப சரி." தண்ணீர்ப் போத்தலைத் தந்தான். நான் குடித்து முடிய, கமக்கட்டுக்குள் கையைப் போடக் குனிந்தான்.

"தொடாதை."

"விசரா, வெயில் ஏறுது."

"தூக்கினா நான் ஊசிக்குப் போகமாட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லியிருக்கிறன்."

"ஊசிக்குப் போகாட்டி?"

"செத்துப்போவன்."

"அதைச் சொல்லிப்போட்டுப் பெரிய ஆள் மாதிரி இதில குந்தியிருக்கிறாய்."

அவன் என்னைத் தூக்கவில்லை. வெயில் வருகிற பக்கமாகப் போய், தன் நிழல் என்மேல் விழுகிற மாதிரி நின்றான். நிழல் நகர நகர அவனும் நகர்ந்தான். மீன் விலையைப் பற்றிக் கதைத்தான். அம்மாவின் மாடு ஒன்று அவர்கள் பூசணியைத் தின்ற பழைய வழக்கை எடுத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

"தோளைப் பிடிச்சு எழும்பினா அது தூக்கிறதோ?" என்று கேட்டான்.

யோசித்தேன். "இல்லை. அது பிடிக்கிறது."

"அப்ப பிடி."

பிடித்து எழும்பினேன். அவன் மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். நான் அதன் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கதைக்க முடியாமல் போகிற இடத்தில் நின்றோம். றோட்டில் எல்லாரும் பிடித்து ஏற்றுகிற தொல்லையை அவனுக்குச் சொன்னேன்.

"இந்த ஊரில ஆரை ஏத்தமாட்டினம் எண்டு யோசி," என்றான்.

"பிணத்தை."

"விசர்க்கதை. நேர்த்திக்கடனுக்கு நடக்கிறவனை. கோயிலுக்கு நேர்த்தி வைச்சு நடக்கிறவனை ஏத்தினா அந்தப் பாவம் ஏத்தினவனுக்கு. ஆரும் கிட்ட வரமாட்டினம்."

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்லையெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"உன்னை ஆர் கேட்டது? தெருமுடிவில வைரவர் இருக்கிறார். உன்ர தூரத்துக்குச் சரியான கோயில். ஒரு சூலமும் ஒரு பூவரசும். அவர் ஒண்டும் கேக்கமாட்டார்."

"சப்பாத்தோடயோ நேர்த்தி?"

"வாசலில கழட்டு. வைரவர் டொக்டர் சொன்னதை மறிக்கமாட்டார்."

அவன் அன்று மீன் விற்கிற இடத்தில் இரண்டு பேருக்குச் சொன்னான். அது போதும். மறுநாள் காலை நான் படலையைத் திறந்து வர, அதே உழவுமெசின் வந்தது. என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தது, புழுதி என்மேல் படாமல் மெதுவாக ஊர்ந்து கடந்தது. பெட்டியில் இருந்த ஒருவர் எனக்கு இடம் விட ஒதுங்கினார். ஓட்டுகிற அண்ணை திரும்பாமலே சொன்னார்: "ஏத்தாதேங்கோ, தம்பி நேர்த்தி."

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தெருவில் தனியாக நடந்தேன். யாரோ ஒரு வேலியில் செம்பில் தண்ணீர் மூடி வைத்திருந்தார்கள். பாதித் தூரத்தில் நிழலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. நேர்த்திக்காரன் இருந்து போகலாம், ஏறிப் போகத்தான் கூடாது. இருந்தேன், எழும்பினேன், நடந்தேன். வைரவருக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றி, திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு திரும்பினேன்.

அம்மா படலையில் நின்றார். நெற்றியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"வைரவரோட விளையாடாதை."

"விளையாடேல்லை."

"நேர்த்தியெண்டா இடையில விடேலாது. தெரியுமோ?"

"தெரியும்."

மத்தியானம் சோற்றோடு பருப்பும் கீரையும் வந்தன. "மீன்?" என்று கேட்டேன். "நேர்த்திக்காரனுக்கு மச்சமோ?" என்றார். பிசியோ மிஸ் மீன் சாப்பிடச் சொன்னது எனக்குத்தான் ஞாபகம். "நேர்த்தி நடைக்கு மட்டும்தான் அம்மா. சாப்பாட்டுக்கில்லை," என்றேன். "வைரவரிட்டை அப்பிடிச் சொன்னனியோ?" "ஓம்." "வடிவாச் சொன்னனியோ?" "வடிவாச் சொன்னனான்." அம்மா எழும்பிப் போய் மூடி வைத்திருந்த மீன் குழம்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஏற்கனவே சமைத்து வைத்திருந்திருக்கிறார்.

ஆனால் பொய்யை நான் மட்டும் வைத்திருக்கவில்லை, ஊரும் வளர்த்தது. முதலில் நடக்கிறான் என்றார்கள். பிறகு ஊசி முடியுமட்டும் நடப்பானாம். மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் அக்கா அம்மாவிடம் கேட்டார்: "ஒருத்தற்ற கையும் உடம்பில படாமல் ஊசிக்குப் போய்வாறதெண்டு நேர்த்தியாமே?" அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. அப்போது.

அடுத்த நாள் விடிய எழும்ப முடியவில்லை. வாயெல்லாம் புண். அம்மா காய்ச்சல் பார்த்தார், இல்லை. ஆனால் அந்த ஈர உடுப்பு திரும்பவும் ஏறியிருந்தது. சில நாள் இப்படி வரும், வந்தால் படுத்துக் கிடவும் என்றுதான் மிஸ் சொல்லியிருந்தார். நேர்த்தி அப்படிச் சொல்லவில்லையே. ஒரு நாள் விட்டால் ஊர் கேட்கும். ஊர் கேட்டால் பொய் போகும். பொய் போனால் மெசின் வரும். கட்டிலில் இருந்தபடி சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டினேன். விரல் முடிச்சுப் போடவில்லை.

அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றினார். "படு."

"நேர்த்தி?"

"நான் போறன். பெத்தவள் நடந்தாலும் அவர் ஏற்பார்."

போனார். வெறுங்காலோடு. கல்லும் மண்ணும் சுடுகிற தெருவில். நான் படுத்திருந்து படலைச் சத்தம் எப்போது கேட்கும் என்று காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். திரும்பி வந்து கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மறுநாளும் அவர்தான் போனார். அதற்கடுத்த நாள் நான் போனேன், பாதி வரை. மிச்சத்தை அவர் போனார். கதிரையடியில் இருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நடக்கும்போது யாரோடும் கதைக்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. களைப்பு போகவில்லை, அதோடு எப்படி நடப்பது என்று பிடிபட்டது. நல்ல நாளில் வீரம் காட்டிக் கூட நடக்காமல், கூடாத நாளில் அடியோடு விடாமல். ஊசிக்கு முந்தின நாள் காலை, கதிரையில் இருந்து இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பினேன். நடுங்கினேன், ஆனால் நின்றேன். குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. கொஞ்சம் கழித்து அலுமாரிக்கு மேல் இருந்த பையின் சிப் மூடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. படகு போகுமோ என்றே தெரியாமல் ஆட்கள் துறையில் நின்றார்கள். கடைசியில் போகிறது என்றார்கள். எங்கள் வீடு துறைக்குக் கிட்ட. ஆறுதலாக நடந்து வந்தோம். சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. ஒரு தோள்கூட என்மேல் படவில்லை. கோயில் வீதியில் சுவாமி வருகிற மாதிரி இருந்தது. கூட்டாளியும் நின்றான், கடல் சரியில்லாததால் தொழிலுக்குப் போகவில்லை.

துறை விளிம்புக்கு வந்தேன். படகு ஏறி இறங்கிக்கொண்டு நின்றது. ஏறும்போது விளிம்போடு சமம், இறங்கும்போது இடுப்பளவு பள்ளம். கட்டியிருந்த பழைய லொறி ரயரில் முட்டி முட்டி விலகியது. இடைவெளிக்குள் தண்ணீர் நுரைத்தது. போனமுறை என்னைத் தூக்கிய அதே இரண்டு பேர் அதே இடத்தில் நின்றார்கள். ஒருவரின் கை வழக்கம்போல நீண்டது. மற்றவர் அந்தக் கையைத் தட்டினார். இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

படகு ஓட்டுகிற அண்ணை சொன்னார்: "தம்பி, ஆறுதலா ஏறும். நாங்கள் ஆரும் தொடமாட்டம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று.

காலை நீட்டினேன். படகு கீழே போனது. காலை எடுத்தேன். கதிரை ஆடாது. கதிரையில் எழும்பிய காலுக்கு ஆடுகிற பலகை தெரியாது. இரண்டாம் தரம் நீட்டினேன். முழங்கால் நடுங்கத் தொடங்கியது, காற்சட்டைத் துணி ஆடுவது எனக்கே தெரிந்தது. பின்னால் ஒரு மனிசி "வைரவா" என்று மெல்லச் சொன்னார். கூட்டாளியைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான். ஊருக்கு முன்னால் அவன் எதைச் சொல்வான்? நான் விழுந்தால் தூக்குவார்கள். திரும்பினால் ஊசி போய்விடும். இரண்டும் ஒன்றுதான். இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது.

"அண்ணை," என்றேன். "அண்ணை, கை தாங்கோ."

அவர் கையை நீட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். "நேர்த்தியெல்லோ அக்கா?"

அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சந்தையில் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "நேர்த்தி நடைக்கு. கடலுக்கில்லை. கையைக் குடும். தூக்காதையும், கையை மட்டும் குடும்."

கை வந்தது. உப்பும் டீசலும் மணக்கிற, தடித்த கை. பிடித்தேன். அவர் இழுக்கவில்லை, சும்மா நின்றார். படகு இறங்கியது. கையை விடாமல் காத்து நின்றேன். திரும்ப ஏறியது. ஏறி முடிகிற இடத்தில் காலை வைத்தேன். முழங்கால் மடிந்தது, பாதி மடிந்து நின்றது. மற்றக் காலும் வந்தது. பலகையில் இருந்தேன். துறையில் யாரோ பெருமூச்சு விட்டது படகுவரை கேட்டது. கூட்டாளி துறை விளிம்பில் வந்து நின்று, "டேய், அது பிடிக்கிறதுதான்," என்றான். மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

நடுக்கடலில் அலை தெறித்தது. அம்மா என்மேல் பொலித்தீனைப் போர்த்திவிட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"நான் நேர்த்தி வைக்கேல்லை எண்டு."

"கத்தரிக்காய் தின்னாதவன் வைரவருக்கு நேர்த்தி வைப்பனோ? அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் வெறுங்காலோட நடந்தனீங்கள்?"

அம்மா பொலித்தீனின் ஓரத்தை என் காலுக்கடியில் செருகினார். "நீதான் வைக்கேல்லை. நீ உன்ர காலில ஏறவேணும் எண்டு நான் வைச்சனான். உன்னைத் தூக்கின அண்டைக்கு, இந்தப் போட்டிலயே."

நான் அவர் காலைப் பார்த்தேன். கடைசியில், "ஏறியாச்சுத்தானே, முடிஞ்சுதோ?" என்றேன்.

"இன்னும் ஊசி கிடக்கு." காலை நீட்டிக் குதிக்காலைத் தடவினார். வெடித்திருந்தது. "ஊருக்குப் போனா நீ நட. எனக்கு இனி ஏலாது. இப்ப அங்கால குறிகட்டுவான் துறையில ஏறேக்க வாயைத் திறந்து கேள். அதில நிண்டு வீரம் காட்டாதை."

குறிகட்டுவான் துறை எங்கள் துறையைவிட உயரம். கீழிருந்து பார்த்தால் நிற்கிறவர்களின் செருப்புத்தான் முதலில் தெரியும். படகு இன்னும் முட்டவில்லை, கயிறுகூட எறியவில்லை. நான் எழும்பி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மேலே நீட்டினேன். யார் என்று தெரியாத ஒருவர் குனிந்தார்.